வந்த வரிசையில் பூசிய நிறம்

செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களிலிருந்து உயிரித்தகவலியலும் உயிர் இயற்பியலும் படிக்கப் போகும் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கருங்குழியிலிருந்து எழுதுகிறேன். வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூர்ப் பக்கம் இருக்கிறது. இது படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில் ரயில் நிற்கும் கருங்குழி. எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் இந்த விளக்கத்தையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவோம்.

புரதங்களின் படங்களோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். கோடை பிறந்தால் உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் என் மேசைக்கு வந்துவிடும். சில வைவா எடுப்பதற்காக வரும். சில “அண்ணே, கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க” என்று வரும். அதில் மூன்றாவது அத்தியாயம் வரைக்கும் எனக்குச் சிக்கல் இல்லை. நான்காவதில் படங்கள் தொடங்கும். ஐந்து மாடல், எட்டு மாடல், சில சமயம் இருபது மாடல், ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி வைத்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருக்கும். படம் கண்ணைப் பறிக்கும். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் முந்தின படத்தில் பச்சையாக இருந்த புரதம் மஞ்சளாகியிருக்கும். ஏன் என்று வைவாவில் கேட்டால், “சாஃப்ட்வேர் அப்படித்தான் சார் குடுத்துச்சு” என்பீர்கள்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒவ்வொரு மாடலாக மௌஸால் தட்டித் தட்டி நிறம் கொடுத்த காலம் போய், பைத்தானில் நான்கு வரி எழுதி லூப் ஓடவிடக் கற்றிருக்கிறீர்கள். இது நல்ல மாற்றம். புரதப் படம் வரையும் மென்பொருள்களான பைமாலும் கைமெராவும் அதற்கு வழிவிட்டே செய்யப்பட்டவை. பைமாலை எழுதிய வாரன் டிலானோ 2009-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். உள்ளே பைத்தானை வைத்து, யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட் எழுதலாம் என்று அவர் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் நாம் இன்றும் போய்வருகிறோம். ஆகவே ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதிய ஸ்கிரிப்ட் எதைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று கேட்கிறேன்.

பெரும்பாலும் அது வரிசையைப் பார்க்கிறது. பைமாலில் முதலில் திறக்கும் மாடலின் கார்பன்கள் பச்சையாகும். இரண்டாவது சயான், மூன்றாவது வெளிர் மெஜந்தா, நான்காவது மஞ்சள், ஐந்தாவது சால்மன். உங்கள் லூப்பும் இதையே வேறு நிறங்களில் செய்கிறது: பட்டியலின் முதல் மாடலுக்கு முதல் நிறம், இரண்டாவதற்கு இரண்டாவது. மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டுக்குள் எந்த வண்டி முதலில் நுழைகிறதோ அதற்கு ஒன்றாம் எண் பலகையை மாட்டு, அடுத்ததற்கு இரண்டாம் எண் என்று ஒருவர் உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்? வேடந்தாங்கல் போக வேண்டியவர் உத்திரமேரூரில் இறங்குவார்.

அந்த வரிசையும் நீங்கள் நினைக்கிற வரிசையாக இருக்காது. ஃபோல்டரில் மாடல் 1 முதல் மாடல் 20 வரை வைத்திருக்கிறீர்கள். எழுத்து வரிசையில் அடுக்கினால் 1-க்கு அடுத்து 10 வரும், பிறகு 11, 12 என்று 19 வரை போய், அப்புறம்தான் 2. அடுக்கச் சொல்லாமலே விட்டால் லினக்ஸில் ஒரு வரிசை, விண்டோஸில் ஒரு வரிசை. ஹாஸ்டல் லேப்டாப்பில் நீலமாக இருந்த மாடல் 2, துறை ஆய்வகத்தில் ஆரஞ்சாக வரும் மர்மம் இதுதான். இன்னும் சிலர் ராண்டம் எண்ணைக் கூப்பிட்டு நிறம் எடுக்கிறீர்கள். விதை எண்ணைப் பூட்டாவிட்டால், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேறு படம்தான் கிடைக்கும். அதற்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

வரிசையைவிட ஆபத்தானது எழுத்து. “நான் வரிசையை நம்பவில்லை, சங்கிலியைப் பார்த்து நிறம் கொடுக்கிறேன்” என்று சிலர் சொல்வீர்கள். பைமாலில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது: ஏ சங்கிலி எல்லாவற்றுக்கும் ஒரு நிறம், பி சங்கிலி எல்லாவற்றுக்கும் ஒரு நிறம். ஒரே ஒரு மாடல் திறந்திருக்கும்போது இது அருமையான வேலை. பல மாடல்கள் திறந்திருக்கும்போது என்ன ஆகிறது என்பதை எல்லாருக்கும் தெரிந்த புரதத்திலேயே பாருங்கள்.

2020-இல் கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் பிடிபி என்கிற புரதத் தரவு வங்கியில் சேர்ந்தது. 6விஎஸ்பி என்ற பதிவு அது. மூன்று ஸ்பைக் சங்கிலிகள் சேர்ந்து நிற்கும். அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர். அதே ஆண்டில் வந்த இன்னொரு பதிவு 6எம்0ஜே. ஸ்பைக்கின் பற்றிக்கொள்ளும் பகுதி, நம் உடலின் ஏசிஇ2 புரதத்தைப் பிடித்திருக்கும் காட்சி. இதில் ஏ சங்கிலி எது தெரியுமா? ஏசிஇ2. ஸ்பைக்கின் துண்டுக்கு இ என்று பெயர். இரண்டையும் திறந்து, சங்கிலி எழுத்தைப் பார்த்து நிறம் பூசச் சொன்னால், வைரஸின் புரதத்துக்கும் மனிதரின் புரதத்துக்கும் ஒரே நிறம் விழும். ஸ்பைக்கின் அதே துண்டோ இந்தப் படத்தில் ஒரு நிறம், அந்தப் படத்தில் இன்னொரு நிறம். யாரும் பொய் சொல்லவில்லை. ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்தது. ஆனால் படத்தைப் பார்க்கிறவர் நிறம் ஒன்றென்றால் பொருள் ஒன்று என்றுதானே எடுத்துக்கொள்வார்? நாம் எல்லாருமே அப்படித்தான் படம் பார்க்கிறோம்.

சங்கிலி எழுத்து என்பது அந்தப் பதிவைச் சமர்ப்பித்தவர் வைத்த அடையாளம். அதற்கு அந்தப் பதிவுக்குள் மட்டும்தான் மதிப்பு. பதிவு தாண்டிச் செல்லுபடியாகும் அடையாளம் வேண்டுமென்றால் யூனிப்ராட் எண் இருக்கிறது. ஸ்பைக் என்றால் பி0டிடிசி2, மனித ஏசிஇ2 என்றால் க்யூ9பிஒய்எஃப்1. எந்தப் பதிவில் எந்தச் சங்கிலி எந்த யூனிப்ராட் எண் என்பதைப் பிடிபி பதிவின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் ஒரு சின்ன அகராதி இருக்கட்டும்: இந்த எண்ணுக்கு இந்த நிறம். லூப் ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு சங்கிலியையும் எடுத்து, அதன் எண் அகராதியில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த நிறத்தைப் பூசட்டும். இல்லையென்றால்? சாம்பல் நிறம் பூசிவிட்டு, “இந்த மாடலில் இந்தச் சங்கிலி எனக்குத் தெரியாது” என்று திரையில் ஒரு வரி எழுதட்டும். இந்தக் கடைசி வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை. அதுதான் உங்கள் மானத்தைக் காப்பாற்றும் வரி.

6விஎஸ்பியை விட்டுப் போகும் முன் ஒரு விஷயம். அந்த ஸ்பைக்கில் 986, 987 ஆகிய இரண்டு இடங்களில் இயற்கையாக இருந்த அமினோ அமிலங்களை எடுத்துவிட்டுப் புரோலின் வைத்திருக்கிறார்கள். செல்லோடு ஒட்டும்போது ஸ்பைக் வடிவம் மாறி நீண்டுவிடும். அதைப் பழைய நிலையிலேயே நிறுத்திவைக்கத்தான் இந்த இரண்டு புரோலின்கள். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இருப்பது இந்த இரட்டைப் புரோலின் ஸ்பைக். நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் அது கிடையாது. ஸ்பைக்கைப் பற்றிப் படம் போடும் மாணவர்கள் மூன்று சங்கிலிக்கும் மூன்று பளிச் நிறம் கொடுத்துவிட்டு, கதையின் மையமான அந்த இரண்டு புரோலினை வண்ணக் கூட்டத்துக்குள் தொலைத்துவிடுகிறார்கள்.

புரோலினுக்கு ஏன் இத்தனை விறைப்பு? அதன் பக்கக் கிளை திரும்பி வந்து முதுகெலும்பிலேயே ஒட்டிக்கொள்வதால் ஃபை என்ற கோணம் ஏறக்குறைய மைனஸ் 65 டிகிரியில் மாட்டிக்கொள்கிறது. இந்தக் கோணக் கணக்கு பிறந்த இடம் உங்களில் பலர் தினமும் ரயிலில் கடந்துபோகும் கிண்டி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம் அது. பாடப் புத்தகத்தில் ராமச்சந்திரன் வரைபடம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருந்த சண்டை புத்தகத்தில் வராது.

1952-இல் சென்னை வந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். அடையாற்றில் இருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் வாங்கி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1955-இல் அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போவதாகக் காட்டினார்கள். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து ரிச்சும் கிரிக்கும், சென்னை மாடலில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று தடை சொன்னார்கள். அப்படியானால் எவ்வளவு நெருக்கம்தான் சரி? அளந்து பார்த்துவிடுவோம் என்று இறங்கியதன் விளைவுதான் 1963-இன் வரைபடம். அதில் நிறமே கிடையாது. தாராளமாக அனுமதிக்கும் எல்லை முழுக்கோடு, கடைசி எல்லை விட்டுவிட்டுப் போகும் கோடு. இரண்டு விதக் கோடு, இரண்டு அர்த்தம். அறுபது வருஷம் கழித்தும் யாரும் அதைத் தவறாகப் படிப்பதில்லை. (குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோமியத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையால்தான். தோல் என்றால் கொலாஜன். தாம்பரம் லைனில் போகும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.)

கொலாஜனை வைத்தே ஒரு பயிற்சி சொல்கிறேன். பிடிபியில் 1சிஏஜி என்று ஒரு பதிவு. 1994-இல் வெளிவந்த, கொலாஜன் போலச் செய்த சின்னப் பெப்டைடு. பின்னாளில் பிடிபியை நடத்திய ஹெலன் பெர்மனும் அந்த ஆய்வில் ஒருவர். மூன்று சங்கிலி, ஒவ்வொன்றிலும் முப்பது அமினோ அமிலம்: புரோலின், ஹைட்ராக்சிபுரோலின், கிளைசின் என்று திரும்பத் திரும்ப வரும். பதினைந்தாவது இடத்தில் மட்டும் கிளைசின் வர வேண்டிய இடத்தில் அலனின். கிளைசினுக்குப் பக்கக் கிளை என்று ஒரு ஹைட்ரஜன்தான். அதனால்தான் மூன்று சங்கிலிகளும் நெருங்கி நிற்கும் நடுப்பகுதியில் கிளைசினால் இருக்க முடிகிறது. அலனின் வந்தால் ஒரு கார்பன் கூடுதலாக வந்து முட்டும். அந்த இடத்தில் சங்கிலிகள் கொஞ்சம் விலகி, இடையில் தண்ணீர் மூலக்கூறுகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எலும்பு லேசாகத் தட்டினாலே முறியும் பிறவி நோயில் பல பேருக்கு இருப்பது இப்படி ஒரு கிளைசின் மாற்றம்தான்.

இதைத் திறந்து சங்கிலிக்கு ஒரு நிறம் என்று கட்டளையிடுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று புரிகள் அழகாகச் சுற்றும். அலனின் எங்கே என்று கேட்டால் உங்களாலேயே காட்ட முடியாது. இப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மூன்று சங்கிலிக்கும் வெளிர் சாம்பல் பூசுங்கள். கிளைசின்களுக்கு மட்டும் நீலம். அலனினுக்கு மட்டும் ஆரஞ்சு. நீலம் நடுத்தண்டில் ஏறிக்கொண்டே வரும். நடுவில் மூன்று ஆரஞ்சுப் புள்ளிகள், ஒன்றுக்கொன்று சற்று மேலும் கீழுமாக நிற்கும். ராமச்சந்திரன் காலம் முதல் சொல்லப்பட்ட சேதி, கிளைசின் ஏன் மூன்றுக்கு ஒன்று கட்டாயம் என்பது, ஒரு வார்த்தை இல்லாமல் விளங்கிவிடும். அதே ஸ்கிரிப்டை, மாற்றம் எதுவும் இல்லாத இன்னொரு கொலாஜன் பெப்டைடின்மேல் ஓட்டினால் ஆரஞ்சே வராது. பல மாடல்களுக்குத் தானாக நிறம் பூசுவதன் பயன் அங்கே இருக்கிறது: எல்லா மாடலுக்கும் ஒரே கேள்வியைக் கேட்பது.

என் கருத்தைக் கேட்டால், பல மாடல்களுக்கு நிறம் பூசும் ஸ்கிரிப்டின் முதல் வரி எப்போதும் எல்லாவற்றையும் சாம்பலாக்குவதாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எதற்கு நிறம் கொடுத்தாலும், அதைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று பொருள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் வாங்கித் தந்த ரைபோசோமை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா ரைபோசோமில் மூன்று ஆர்என்ஏ, ஐம்பதுக்கும் மேல் புரதங்கள். ஐம்பது நிறத்தை லூப் நொடியில் பூசிவிடும். ஐம்பது நிறத்தைப் பிரித்தறியும் கண் யாருக்கு இருக்கிறது? ஏழு, எட்டைத் தாண்டினாலே “இது கிளிப்பச்சையா, இலைப்பச்சையா” என்று விவாதம் தொடங்கிவிடும்.

சரி, பத்துப் பன்னிரண்டு மாடல். எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறம் வேண்டும்தான் என்கிற சூழல் வரும். டாக்கிங் செய்த லிகண்டுகள் என்றால் அப்படி. அப்போது பெரும்பாலோர் செய்வது, நிறச்சக்கரத்தின் 360 டிகிரியை மாடல் எண்ணிக்கையால் வகுப்பது. ஏழு மாடலுக்கு 51 டிகிரிச் சொச்சம் இடைவெளி வரும். கைடு வந்து எட்டாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் இடைவெளி 45 ஆகிவிடும். முதல் மாடலைத் தவிர மற்ற ஆறும் நிறம் மாறிவிடும். நேற்று எடுத்த படத்துக்கும் இன்று எடுத்த படத்துக்கும் உறவே இருக்காது. வகுக்காமல், ஒவ்வொரு மாடலுக்கும் 137.5 டிகிரி தள்ளிப் போங்கள். 0, 137.5, 275, பிறகு ஒரு சுற்று முடிந்து 52.5, அடுத்து 190. புதிதாக வருவது ஏற்கெனவே இருக்கும் இடைவெளியில் போய் விழும். பழையவை இருந்த நிறத்திலேயே இருக்கும். சூரியகாந்தியில் விதைகள் அடுக்கப்படுவதும் இந்தக் கோணத்தில்தான். ஆனாலும் மாடலின் பெயரோடு நிறத்தை முடிச்சுப்போட்டுத் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள். சேர்ந்த வரிசை மறுபடி குழம்பினால் 137.5 மட்டும் காப்பாற்றாது.

மாடல் முழுவதையும் ஒரே நிறத்தில் முக்கி எடுக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், கந்தகம் மஞ்சள் என்பது கோரி, பாலிங், கோல்டன் என்ற மூவரின் பெயரால் வழங்கும் பழைய மரபு. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் உருண்டை செய்து மாடல் கட்டிய காலத்திலிருந்து வருகிறது. வேதியியல் படித்த யாரும் சிவப்பைப் பார்த்தால் ஆக்சிஜன் என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் மூன்றாவது லிகண்டை முழுக்கச் சிவப்பாக்கினால், ஹைட்ரஜன் பிணைப்பு எந்த அணுவிலிருந்து போகிறது என்று தேடிக் கண்ணைக் கசக்க வேண்டியிருக்கிறது. மாடலின் நிறம் கார்பனுக்கு மட்டும்; மற்ற அணுக்களுக்கு மரபு நிறம். பைமாலிலும் கைமெராவிலும் இதற்கென்றே கட்டளை இருக்கிறது. சிவப்பு, நீலம் இரண்டையும் மாடல் நிறப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

என்எம்ஆர் மாடல்களோடு வேலை செய்கிறவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுபிக்விடினின் 1டி3இசட் பதிவில் ஒரே கோப்புக்குள் பத்து மாடல்கள். கைமெரா இவற்றைத் துணை எண் கொடுத்துத் தனித்தனி மாடலாகவே திறக்கும். ‘ரெயின்போ மாடல்’ என்றால் பத்துக்கும் பத்து நிறம். பைமால் அப்படியல்ல. பத்தையும் ஒரே பொருளின் பத்து நிலைகளாக வைத்துக்கொள்ளும். அதில் நிறம் என்பது அணுவுக்குரியது, நிலைக்குரியது அல்ல. இரண்டாவது நிலைக்கு ஆரஞ்சு பூசினால் பத்தும் ஆரஞ்சாகும். “லூப் ஓடுது, ஆனா கடைசி நிறம் மட்டும்தான் நிக்குது சார்” என்று வருகிற குறை இதுவே. நிலைகளை முதலில் தனித்தனிப் பொருளாகப் பிரித்துவிட்டுத்தான் லூப்புக்கே போக வேண்டும்.

புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு ஒரு புதுக் குழப்பம் சேர்ந்திருக்கிறது. அதை உருவாக்கிய ஹசாபிஸும் ஜம்பரும் 2024-இல் டேவிட் பேக்கரோடு நோபல் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு முன்பே உங்கள் ரிப்போர்ட்டுகளில் பாதி மாடல்கள் ஆல்ஃபாஃபோல்டாக மாறிவிட்டன. எக்ஸ்ரே மூலம் கண்ட பதிவில் பி-ஃபேக்டர் எழுதும் இடத்தில், ஆல்ஃபாஃபோல்ட் தன் நம்பிக்கை மதிப்பெண்ணை எழுதி வைக்கிறது, 0 முதல் 100 வரை. பி-ஃபேக்டர் கூடினால் அந்த இடம் ஆட்டம் காண்கிறது, சரியாகத் தெரியவில்லை என்று பொருள். நம்பிக்கை மதிப்பெண் கூடினால் அந்த இடம் உறுதி என்று பொருள். ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டு வகையையும் ஒன்றாகத் திறந்து, பி எண்ணைப் பார்த்து நீலத்திலிருந்து சிவப்பு வரை பூசு என்று பைமாலிடம் சொன்னால், ஒன்றில் சிவப்பு தள்ளாடும் இடம், இன்னொன்றில் சிவப்பு அசையாத இடம். போதாக்குறைக்கு ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம் தன் பக்கத்தில் உறுதியான இடத்துக்குக் கருநீலமும் 50-க்குக் கீழ் போனால் ஆரஞ்சும் காட்டுகிறது. அங்கே பார்த்துவிட்டு உங்கள் படத்தைப் பார்க்கிறவர் தலைகீழாகவே புரிந்துகொள்வார். ஸ்கிரிப்ட் முதலில் இந்த மாடல் கண்டதா, கணித்ததா என்று கேட்கட்டும். இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தட்டு. எல்லைகளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் அந்தந்த மாடலின் குறைந்தபட்சம், அதிகபட்சம் பார்த்துத் தானே நீட்டிக்கொள்ளும். மிக நல்ல மாடலிலும் எங்காவது சிவப்பு தெரிந்தே தீரும்.

பணக் கணக்கும் ஒன்று உண்டு. ரிப்போர்ட்டை ஐந்து பிரதி எடுத்து ஸ்பைரல் போட வேண்டும். கலர்ப் பக்கம் என்றால் கடைக்காரர் சொல்லும் தொகை கையைக் கடிக்கும். மூலப்பிரதியைக் கலரிலும் மற்றவற்றைக் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸிலும் எடுப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி எடுத்தவன்தான். ஆனால் வெளித் தேர்வாளர் கைக்கு வருவது பெரும்பாலும் ஜெராக்ஸ்தான். பைமால் தானாகக் கொடுக்கும் முதல் இரண்டு நிறங்கள், அந்தப் பச்சையும் சயானும், சாம்பலுக்கு மாற்றும் வழக்கமான கணக்கில் 67 விழுக்காடு, 70 விழுக்காடு வெளிச்சமாக வருகின்றன. தாளில் இரண்டும் ஒன்றுதான். உங்கள் முதல் மாடலும் இரண்டாம் மாடலும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து காணாமல் போகும். கணிப்பும் உண்மையும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டுவதற்காகப் போட்ட படம் என்றால், பொருத்தம் நூற்றுக்கு நூறாகத் தெரியும்!

சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்க வாய்ப்புண்டு. பலருக்குத் தமக்கு அப்படி என்பதே தெரியாது. ஜப்பானின் ஒகாபே, இட்டோ இருவரும் அவர்களையும் மனத்தில் வைத்துத் தேர்ந்த எட்டு நிறத் தட்டு ஒன்று இருக்கிறது: கறுப்பு, ஆரஞ்சு, வான்நீலம், நீலப்பச்சை, மஞ்சள், நீலம், செவ்வாரஞ்சு, செவ்வூதா. அதை அகராதியில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் படிப்பு முடியும் வரைக்கும் போதும். எழுதிய பிறகு படத்தைச் சாம்பலாக மாற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

உங்கள் துறைத் தலைவர்களிடமும் ஒரு வேண்டுகோள், இந்த மடல் வழியாகவே. அமினோ அமில வரிசையைப் பத்துப் பக்கத்துக்கு அச்சிட்டுப் பின்னிணைப்பில் சேர்க்கிறோம், யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாகப் படங்களை உண்டாக்கிய ஸ்கிரிப்டை அச்சிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். நாற்பது வரிக்கு மேல் போகாது. செஷன் கோப்பைக் கொடுத்தால் போதாது. அதை மென்பொருள் இல்லாமல் திறந்து படிக்க முடியாது, ஏன் இந்த நிறம் என்றும் அது சொல்லாது. ஸ்கிரிப்டில் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது எழுத்தாக இருக்கும். முதல் படத்துக்குக் கீழே அதே அகராதியைச் சின்ன அட்டவணையாகப் போட்டுவிட்டால், மற்ற படங்களுக்கு விளக்கக் குறிப்பில் நிறம் பற்றி எழுதவே வேண்டாம்.

தங்கச்சி ஒருத்தி போன முறை கேட்டாள்: “இவ்வளவும் செஞ்சா மார்க் கூடுமாண்ணே?” மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னிடம் வைவாவுக்கு வருகிறவர்கள் ஸ்கிரிப்டையும் மாடல் கோப்புகளையும் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். என் லேப்டாப்பில் கோப்புகளை நான் வரிசை மாற்றித் திறப்பேன், நடுவில் ஒன்றை விட்டுவிடுவேன், நீங்கள் பார்த்திராத ஒரு மாடலைக் கூடச் சேர்ப்பேன். பிறகு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பழைய மாடல்கள் ரிப்போர்ட்டில் உள்ள நிறத்திலேயே வந்து, புதிது சாம்பலில் நின்று, “இது எனக்குத் தெரியாது” என்ற வரியும் திரையில் வந்துவிட்டால், நான்காவது அத்தியாயத்தில் எனக்குக் கேள்வி இல்லை. ஐந்தாவதுக்குப் போய்விடலாம்.

அன்புடன்,
கருங்குழி அண்ணன் ஒருவன்